இரண்டாவது கோலோடு எழும்பி ஓடியவர்கள்

எங்கள் வீட்டுக் கைபேசியின் ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு இருந்தது. அதற்குள்ளிருந்து ஓர் அரங்கமே கூவிக்கொண்டிருக்கும்போது, யாரோ கழுத்தைப் பிடித்து நெரித்ததுபோல் அந்தக் கூச்சல் நடுவில் நின்றுவிடும். அடுத்த கணம் குசினிக்குள் அம்மா திருவலையில் தேங்காய் திருவும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். திரையில் புல்வெளி மறைந்து, எதிராளி வெளியேறிவிட்டார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். நான் இரண்டு கோல் முன்னால் நின்ற ஆட்டம் காற்றோடு போய்விடும். கொரோனா ஊரடங்கை நினைத்தால் எங்கள் ஊர் அரியாலையில் மற்றவர்களுக்கு வேறு என்னென்னவோ நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது இந்தத் தேங்காய் திருவும் சத்தமும், கூடவே வந்த ஆத்திரமும்தான்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. பாடசாலை பூட்டிக்கிடந்ததால் 'சூம்' வகுப்புக்கென்று அப்பா வாங்கித் தந்த கைபேசி அது. வகுப்பு முடிந்த கையோடு அதில் ஒரு கால்பந்து விளையாட்டை இறக்கிக்கொண்டேன். ஊரில் அதை 'உதைபந்தாட்டம்' என்போம். எங்கள் விளையாட்டுக் கழகத்தின் மைதானம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் அதில் ஒருநாள்கூட நான் பந்தை உதைத்தது கிடையாது. அங்கே ஆட்டம் நடக்கும் நாட்களில் பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரே வேலை, ஆடுகிறவர்களுக்கு எலுமிச்சை பிழிந்து தேசிக்காய்த் தண்ணீர் கரைப்பது. சீனி கூடிப்போனாலும் எங்களுக்குத்தான் பேச்சு விழும், கழகம் தோற்றாலும் எங்களுக்குத்தான் பேச்சு விழும். கைபேசிக்குள் இருந்த மைதானத்திலோ என்னைத் தண்ணீர் கரைக்கச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. ஒரு பங்குனி வெயிலுக்குள் நான் நன்றாகவே விளையாடப் பழகிவிட்டேன்.

மைதானத்தில் நெருஞ்சி முளைக்கத் தொடங்கியபோது, கழகச் செயலாளர் ரமணன் அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. வருடாவருடம் நடக்கும் போட்டியைக் கைபேசியில் நடத்துவோம் என்றார். கடைசி இரண்டு பேருக்குள் வருகிறவர்கள் சாவகச்சேரிக் கழகத்தோடு மோதுவார்கள். அவர்களுக்குக் கழகத்தின் சட்டை, முதுகில் பெயரோடு. அந்தச் சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்ட பெண்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அதை உடம்பில் போட்டவள் ஒருத்தியும் இல்லை. பெண்பிள்ளைகள் சேரக்கூடாது என்று ரமணன் அண்ணை எங்கும் சொல்லவில்லை. அப்படி ஓர் எண்ணம் யாருக்கும் வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நான் 'கௌரி' என்று என் சொந்தப் பெயரிலேயே சேர்ந்தேன். அந்தச் சட்டை எனக்கு வேண்டும், வேறு கதை இல்லை.

ரமணன் அண்ணை நல்ல மனிதர். அவருடைய நல்ல மனம்தான் எனக்கு வில்லங்கமாக முடிந்தது. எங்கள் பக்கத்தில் காகம் கம்பியில் கொஞ்சம் அழுத்தி இருந்தாலும் மின்சாரம் போய்விடும், மின்சாரம் போனால் வீடுகளில் இணையமும் நின்றுவிடும். அதற்காக யாரையும் தண்டிக்கக்கூடாது என்று அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: முடியாத ஆட்டம் ஆட்டமே இல்லை, திரும்ப விளையாட வேண்டும். தோற்கப்போகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டாவது கோல் விழுந்ததும் எழும்பி ஓடுவார்கள். பிறகு "கரண்ட் போயிட்டுது" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் ஒரே மின்மாற்றி. என் தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்க, நாலு வீடு தள்ளியிருந்தவனுக்கு மட்டும் கரண்ட் போயிருக்கும்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்பாள் அம்மா. அப்பா கடலேரியில் சிறகுவலை போட்டு இறால் பிடிக்கிறவர், அதிகம் கதைக்கமாட்டார். அவரும் ஒருநாள் சிரித்துக்கொண்டு, "விழுந்தாலும் உவங்களுக்கு மீசையிலை மண் ஒட்டாது. மீசை இன்னும் முளைக்கேல்லை எல்லே," என்றார். ஒரு பிற்பகல் ஆத்திரம் தாங்காமல் நான் கைபேசியைப் பார்த்து "ஓடுகாலி!" என்று கத்திவிட, அம்மா அகப்பையோடு ஓடிவந்தாள். யார் வீட்டுப் பெட்டை யாரோடு ஓடினாள் என்று அறிவதற்கு முன் அவள் என்னை விடவில்லை.

மற்றவர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் இப்படி ஓடினார்கள்தான். ஆனால் என்னிடமிருந்து ஓடியது அதிகம். ஒரு பெட்டையிடம் நாலு கோல் வாங்கினான் என்ற கதை ஒழுங்கையில் பரவினால் ஊரடங்கு எடுத்த பிறகும் அவன் வெளியில் தலைகாட்ட முடியாது.

அழுதுகொண்டிருந்து பயனில்லை என்று, ஓடுகிறவர்களை வடிவாகக் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு கோலுக்கு யாரும் ஓடுவதில்லை. திருப்பி அடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கும்வரை இருப்பார்கள். இரண்டாவது கோல்தான் அந்த நம்பிக்கையைக் கொல்கிறது. அப்படியென்றால் அந்த இரண்டாவது கோலே வேண்டாம், முதலாவதையும் கடைசிவரை அடிக்காமல் வைத்திருந்தால் என்ன? அடிக்க வந்த பந்தைப் பின்னுக்குத் தட்டினேன். வெறும் கோல் வாசல் முன்னால் கிடக்க, என் ஆட்டக்காரன் கோழி துரத்துகிறவன் மாதிரி ஓரமாகச் சுற்றிக்கொண்டிருப்பான். எதிரே இருந்தவன், இவளுக்கு அடிக்கத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருப்பான். பிறகு, ஓடிப் போகவும் நேரம் இல்லாத கடைசி நிமிடத்தில் ஒரேயொரு கோல். இப்படியே பூச்சியத்துக்கு ஒன்று, பூச்சியத்துக்கு ஒன்று என்று வென்று அரையிறுதிக்கு வந்துவிட்டேன்.

அங்கே சஞ்சயன் இருந்தான். பின் ஒழுங்கை, என் வயதுதான், கழகத்தின் சின்னப் பெடியன்களுக்குள் அவனுக்குத்தான் பெரிய பெயர். அவன் கெட்டிக்காரன் என்பதால் என் தந்திரத்தைப் பாதி ஆட்டத்திலேயே பிடித்துவிட்டான். நான் பந்தைப் பின்னுக்குத் தட்டத் தொடங்கியதுமே அவன் வீட்டில் கரண்ட் போகும். திரும்ப விளையாடினோம், திரும்பவும் கரண்ட் போனது. மூன்றாம் முறை நான் பின்னுக்குத் தட்டுவதற்கு முன்பே ஓடினான். "மின்சார சபைக்கு உன்னிலை என்ன கோவம்?" என்று எழுதிக் கேட்டேன். சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினான்.

அன்று பின்னேரம் சீமெந்துத் தரையில் கைபேசியை ஆறவைத்துவிட்டு நெடுநேரம் பக்கத்தில் படுத்துக்கிடந்தேன். கோபம் சஞ்சயனில் மட்டும் இல்லை. எனக்கு நாலு கோல் அடிக்கத் தெரியும். தெரிந்தும், எதிரே இருக்கிறவன் ஓடிவிடக்கூடாதே என்று தெரியாதவள்போல் நடித்துக்கொண்டிருந்தேன். கைபேசிக்குள்ளும் நான் தேசிக்காய்த் தண்ணீர்தான் கரைத்துக்கொண்டிருக்கிறேன் என்று பட்டது. அந்த நினைப்பு வந்ததும் எழும்பி ரமணன் அண்ணைக்கு அழைப்பு எடுத்தேன்.

"அண்ணை, விட்டிட்டு ஓடுறவன் தோத்தவன் எண்டு சட்டத்தை மாத்துங்கோ."

"அதென்னெண்டு தங்கச்சி? உண்மையாவே கரண்ட் போறவன் பாவமெல்லே."

"அப்ப ரண்டு பேரையும் ஒரு இடத்திலை இருத்துங்கோ. வாசிகசாலையிலை. கரண்ட் போனால் ரண்டு பேருக்கும் போகட்டும்."

அவர், "நீ விடமாட்டாய் என்ன?" என்றார். "விடமாட்டன்," என்றேன்.

ஊரடங்கு அப்போது பகலில் தளர்த்தப்பட்டிருந்தது. சஞ்சயன் முதலில் வரமாட்டேன் என்றானாம்; "பொம்பிளைப் பிள்ளைக்குப் பயந்திட்டான்" என்று கூட்டாளிமார் ஏற்றிவிட, வருகிறேன் என்றுவிட்டான். எங்கள் வீட்டில் அம்மா ஒரேயடியாக மறுத்தாள். பெடியள் கூடுகிற இடத்தில் குமர்ப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாள். அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓடினவங்கள் அவங்கள். ஒளிக்கிறது இவளோ?" என்றார். கடைசியில் அம்மாவும் கூட வந்தாள். முகக்கவசம் போட்டு, நல்ல சேலையும் உடுத்து, வாசிகசாலை வாங்கில் உட்கார்ந்து ஒரு பழைய பத்திரிகையை விரித்துக்கொண்டு இருந்தவள், ஆட்டம் முடியும்வரை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

ஆறடி இடைவெளியில் இரண்டு கதிரை. யன்னலுக்கு வெளியே கழகப் பெடியள் சைக்கிள்களில் சாய்ந்து நின்றார்கள். நான் பந்தை ஒருமுறையும் தேவையில்லாமல் பின்னுக்குத் தட்டவில்லை. முதலாவது கோல் கெதியாகவே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும். வெளியில் ஒருவன் விசிலடித்தான். சஞ்சயனின் காது சிவந்துவிட்டது. அவனுடைய பெருவிரல், வெளியேறும் பொத்தான் இருந்த திரையின் மூலைக்குப் போவதைக் கண்டேன். அத்தனை மாதமாக நான் காணாமலே வெறுத்த விரல் அது. நகம் கடித்து, ஒரு சின்னப் பிள்ளையின் விரல் மாதிரி இருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை.

"இரு சஞ்சயன்," என்றேன். "இன்னும் நேரம் கிடக்கு."

அவன் யன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விரலை எடுத்தான். நான் மூன்றாவதை அடித்தேன். அதற்குப் பிறகுதான் அவன் உண்மையாக விளையாடத் தொடங்கினான். இரண்டு கோல் பின்னால் நின்று அவன் அதுவரை விளையாடியதே இல்லை அல்லவா, அங்கே என்ன செய்வது என்று அவனுக்கே தெரியாது. தட்டுத் தடுமாறி, விழுந்து, எழும்பி, இடையில் நாலாவதையும் வாங்கி, கடைசியில் ஒரு கோலை அடித்தும்விட்டான். நாலுக்கு ஒன்று. தோற்றவன் அந்த ஒரு கோலுக்காகக் கதிரையை விட்டுத் துள்ளியதைப் பார்த்து அம்மாவே சிரித்துவிட்டாள். போகும்போது அவன் என் பக்கம் திரும்பாமல், "நாளைக்கும் வருவியோ?" என்று கேட்டான்.

சட்டை வந்தது. என் அளவுக்கு இல்லை, முழங்கால்வரை தொங்கியது. முதுகில் என் பெயர் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சாவகச்சேரிக்குப் பேருந்தில் போனேன். அங்கே ஓர் அமைதியான பெடியன் எனக்கு மூன்று கோல் அடித்தான். மூன்றாவதோடு என் விரல் தன்பாட்டில் திரையின் மூலைக்குப் போனது. கண்ணில் தண்ணீர் முட்டி, மூலை எது என்றுகூடத் தெரியவில்லை. ஆதரவுக்கு வந்து பின்னால் நின்ற சஞ்சயன் மெல்ல, "இரு," என்றான். கடைசி விசில் ஊதும்வரை இருந்து, மூன்றுக்குப் பூச்சியம் என்று வடிவாகத் தோற்றுவிட்டு வந்தேன்.

சஞ்சயன் இப்போது பிரான்சில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறான். நான் படிப்பை முடித்துவிட்டு நெல்லியடியில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பழைய விளையாட்டை இருவரும் விளையாடிவந்தோம். அவன் என்னை வெல்லப் பழகி வெகுகாலம். போன மாதம், விளையாட்டை நிறுத்திவிடப்போகிறோம் என்று கம்பனி ஓர் அறிவித்தல் போட்டது. கடைசியாக ஒன்று விளையாடுவோம் என்று இருந்தோம். அறிவித்தலில் இருந்தது யாருடைய நாட்டு நேரமோ, நாங்கள் இருவருமே அதைப் பிழையாகக் கணக்குப் பார்த்துவிட்டோம். அவன் இரண்டு, நான் ஒன்று; ஆட்டத்தில் இன்னும் பத்து நிமிடம். நான் பந்தோடு அவனுடைய கோல் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, பழையபடி அரங்கத்தின் கூச்சல் அறுந்தது. இம்முறை எழும்பிப் போனது அவனும் இல்லை, நானும் இல்லை. கம்பனிதான் போனது.

அதோடு எல்லாம் போய்விட்டது. நான் பூச்சியத்துக்கு ஒன்று என்று வென்ற ஆட்டங்களும், வாசிகசாலையில் அடித்த நாலு கோலும், சாவகச்சேரியில் வாங்கிய மூன்றும் இனி எங்கும் பதிவில் இல்லை. தொட்டால் வெள்ளைத் திரைதான் வருகிறது. அன்று கூச்சல் அறுந்த கையோடு சஞ்சயன் அழைப்பு எடுத்தான்.

"இது கணக்கில்லை கௌரி. ரமணன் அண்ணையின்ரை சட்டம், முடியாத ஆட்டம் ஆட்டமே இல்லை."

"உந்தச் சட்டத்தோடை அப்பவே எனக்குக் கோவம்."

"விசரி, இன்னும் பத்து நிமிசம் கிடந்தது. நீ அடிச்சிருப்பாய்."

"அடிச்சிருப்பன்தான்," என்றேன். "ஆனா அடிக்கேல்லை. ரண்டுக்கு ஒண்டு. நீதான் வெண்டது."

சொல்லும்போது நெஞ்சு எரிந்தது. ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தேன்.