எவாந்தியாவின் புதுக் கிளாரினெட்

கிரேக்க மலையூர்க் கல்யாணங்களில் அண்ணன் ஸீஸிஸின் குழுவோடு கிளாரினெட் வாசித்தாள் எவாந்தியா. அவனும் கிளாரினெட்காரன்தான், ஆனால் பேர் இவளுக்கு. புதிதாக ஒரு கருமரக் கிளாரினெட் வாங்கியிருந்தாள். புது மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊதிப் பழக்க வேண்டும். குளிரில் எடுத்தவுடன் ஊதினால் வெடித்துவிடும்.

ஒரு கல்யாணத்தன்று பனி கொட்டியது. மணப்பெண் வீட்டு வாசலில் நின்று வாசிக்கச் சொன்னான் ஸீஸிஸ்.

"அண்ணே, மரம் சில்லுனு இருக்கு. கக்கத்துல வச்சுச் சூடாக்கிக்கிறேனே."

"ஏன், தொட்டில் கட்டி ஆட்டணுமா? ஊதுடி!"

ஊதினாள். இரண்டாம் பாட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். கிளாரினெட்டின் மேல்பாதியில் நீளமாக விரிசல் ஓடியிருந்தது. ஸீஸிஸ் அதைப் பிடுங்கிக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினான்.

"பாத்தீங்களா? இவ மூச்சுப் பட்டா மரமே வெடிக்குது. அப்புறம் எவன் கட்டிக்குவான்?"

மணப்பெண்கூடச் சிரித்தாள்.

வீட்டில் எவாந்தியா விரிசலை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தாள். உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் தடவி, தினமும் கொஞ்ச நேரம் ஊதினாள். பனி உருகும் சமயம் கிளாரினெட்டின் குரல் முழுசாகத் திரும்பிவிட்டது.

அடுத்த கல்யாணத்தன்று ஸீஸிஸ் அதை வாங்கி ஊதிப் பார்த்தான். பிறகு திருப்பித் தரவில்லை.

"இனி இத நான் வாசிக்கிறேன். நீ கஞ்சிரா தட்டு."

"நான் ஒட்டினதுண்ணே."

"ஒடச்சவதான ஒட்டணும்?"

எவாந்தியா கஞ்சிரா தட்டினாள். அண்ணன் வாசிப்பில் ஊரே உருகிப்போனது. மணமகன் ஒரு பண நோட்டை எச்சில் தொட்டு, அந்த ஊர் வழக்கப்படி பரிசாக அவன் நெற்றியில் ஒட்டினான்.