'பா' போட்ட பெட்டிகள்

என் சொந்த அக்காவைப் பேய் என்று நினைத்து வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியவன் நான். அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் போன வருடம் அதைப் பார்த்திருப்பீர்கள். ஜெபக்கூட்டம் நடக்கிற வீட்டு வாசலில் இது எதற்கு என்று கேட்ட ஆவடி சித்தப்பாவிடம், கொசுவுக்கு என்று சொன்னேன். அவர் அதை நம்பித் தன் வீட்டிலும் கட்டியதாகக் கேள்விப்பட்டேன். முதல் மன்னிப்பு அவரிடம்.

அக்கா பாரிவாக்கத்தில் பிறந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா தன் படிப்பை நிறுத்திவிட்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். அவர் கட்டிய பெட்டிகளில்தான் நான் படித்தேன், வளர்ந்தேன், என் கல்யாணமும் நடந்தது. அக்காவின் கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். அழுது முடிக்க எல்லோரும் நாற்பது நாள் கொடுத்தார்கள். அக்கா இருபதாம் நாள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மகள் எஸ்தரைத் தனியாளாக வளர்த்து ஆவடியில் கட்டிக் கொடுத்தார். மண்ணூர்பேட்டையில் கீழ் வீட்டில் அவர், மாடியில் நான். பொறுப்பும் அப்படித்தான், எப்போதும் எனக்குக் கீழே நின்று தாங்கிக்கொண்டிருந்தது.

ரிடையர் ஆன மறுவாரமே, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற மிஷன் கோடவுனுக்குப் போகத் தொடங்கினார். ஊர் பூராவிலிருந்தும் வருகிற பழைய துணிகளைப் பிரித்து, மடித்து, மலைக் கிராமங்களுக்கு அனுப்புகிற இடம் அது. அங்கே எல்லோரும் சம்பளமில்லாத ஊழியர்கள். நாசரேத் பக்கத்திலிருந்து வந்த செல்வின்தான் பொறுப்பாளர். சனிக்கிழமைகளில் ஐ.டி.யில் வேலை செய்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். சர்ச் பக்கமே வராத, ஆனால் கோடவுனுக்கு ஒரு நாள்கூடத் தவறாத தில்லியம்மாவும் உண்டு. அக்காவுக்கு அவர்தான் ஜோடி.

கோடவுனில் அக்கா கொண்டுவந்த வழக்கம் ஒன்று இருக்கிறது. எந்தத் துணியாக இருந்தாலும், மடிக்கும் முன் அதன் பைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். பஸ் டிக்கெட், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஒருமுறை காகிதத்தில் சுற்றிய குழந்தையின் பால்பல்கூடக் கிடைத்ததாம். எல்லாம் பார்த்து முடித்த பெட்டியின் மூலையில் 'பா' என்று ஒரு எழுத்து. பார்த்தாயிற்று என்று அர்த்தம். 'பா' போட்ட பெட்டியை டேப் ஒட்டி அடுக்கிவிடுவார்கள். அப்புறம் யாரும் பிரிக்கக் கூடாது.

அங்கே வந்து ஒரு மணி நேரம் கை கொடுடா என்று அக்கா என்னைக் கூப்பிடாத வாரம் இல்லை. எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்பேன், முதுகு வலி என்பேன், பைக் பஞ்சர் என்பேன். நடந்து போகிற தூரத்துக்குப் பஞ்சரைச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அக்கா உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு நாள் போனேன். அன்றைக்கும் வேலை செய்யவில்லை, வேடிக்கைதான். டேப் கிழிக்கிற சத்தத்தில் டீ வந்தது யாருக்கும் தெரிவதில்லை என்றார் அக்கா. அவருடைய பழைய பட்டன் போனை வாங்கி, அவர் குரலையே அதில் பதிவு செய்து, நாலு மணிக்கு அலாரமாக வைத்துக் கொடுத்தேன். "மணி நாலாச்சு. கைய கழுவுங்க, டீ ஆறுது." இவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓசி டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு எஸ்தர் அவருக்கு டச் போன் வாங்கிக் கொடுத்தாள். சிம் அதற்கு மாறிவிட்டது. பட்டன் போன் இந்த அலாரத்துக்காக மட்டும் உயிரோடு இருந்தது. அந்தச் சங்கதியே எனக்கு மறந்துபோனது.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை கோடவுனிலிருந்து வந்து, நெஞ்சு என்னவோ போல இருக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் கீழ் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எங்கிருந்தோ அக்கா பேசினார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலான குரல். "கைய கழுவு..." என்பது மட்டும் புரிந்தது. நம் ஊரில் ஒருவரைக் கை கழுவினான் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். என்னைக் கை கழுவிட்டியேடா என்று அக்கா கேட்பதாகத்தான் என் காதில் விழுந்தது. அடுத்த நாளும் அதே நேரம், அதே குரல். யாரிடமும் சொல்லவில்லை. வாழ்நாள் பூராவும் ஜோக்கடித்தவன் சொன்னால் இதையும் ஜோக்காக எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். அடக்கத்துக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த எஸ்தருக்கும் கேட்டிருக்கிறது. அவளும் சொல்லவில்லை. மாமா ஏற்கெனவே இடிந்துபோயிருக்கிறார், இதை வேறு ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்தாளாம். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே குரலைக் கேட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காபி குடித்தோம்.

மூன்றாம் நாள் பாடி கடைத்தெருவுக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். ஐந்தாம் நாளும் குரல் கேட்டது. சத்தம் அலமாரிப் பக்கமிருந்து வருகிறது என்பது உறுதியானதும், துணிமணிகள் வீட்டில் இருக்கிற வரை அக்கா போகமாட்டார் என்று என் பெரிய மூளை முடிவு செய்தது. எஸ்தரிடம், எல்லாவற்றையும் கோடவுனுக்கே கொடுத்துவிடலாம், உன் அம்மா அதைத்தான் விரும்பியிருப்பார் என்று பக்குவமாகப் பேசினேன். அவள் ஒரு புடவையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மீதியை மூன்று அட்டைப்பெட்டிகளில் நானே போட்டேன். மடித்தேன் என்று சொல்லமாட்டேன், திணித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு திணித்தேன். ஒரு பையிலும் கை விடவில்லை. மூலையில் மட்டும் 'பா' என்று எழுதினேன். கோடவுனில் இறக்கியபோது, பார்த்ததுதானே அண்ணே என்று செல்வின் கேட்டார். பார்த்தது என்றேன்.

மறுநாள் நாலு மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. எலுமிச்சம்பழத்தை நன்றியோடு பார்த்தேன். நாலரைக்கு செல்வின் போன் செய்தார்.

"அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. அக்கா பேசுதாங்க."

எஸ்தரை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த தில்லியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாலு மணிக்கு கூப்ட்டாங்க. கைய கழ்விகினு டீ குட்ச்சோம். அந்த போன பெட்டிக்குள்ள எவன் போட்டான்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா தூசிக்காகப் புடவைக்கு மேலே ஒரு ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். நான் கழித்துப் போட்ட நீலச் சட்டை. போன் எப்போதும் அதன் மேல்பையில்தான் இருக்கும். கடைசி வியாழக்கிழமை கழற்றி அலமாரியில் மாட்டிய சட்டையை, என் சொந்தச் சட்டையை, பையில் கை விடாமல் நான் மூட்டை கட்டிவிட்டேன்.

எஸ்தர் மெதுவாகத்தான் சொன்னாள். "மாமா, அம்மா குரல் வேற எதுலயும் இல்ல. வாட்ஸ்அப்ல கைகூப்புற படம்தான் அனுப்பும். கல்யாண வீடியோல பூரா பாட்டப் போட்டுட்டாங்க. அந்தப் போன் வேணும் மாமா."

லாரி மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு. மூன்று பெட்டிகளும் சுவர் உயரத்துக்கு அடுக்கிய நூற்றுக்கணக்கான பெட்டிகளோடு கலந்திருந்தன. எல்லாம் ஒரே அட்டை, ஒரே டேப். குரல் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று யாரும் கவனிப்பதற்குள் அது நின்றுவிட்டதாம். என் கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று டார்ச் அடித்துப் போனேன். பாதிப் பெட்டிகளுக்கு மேல் அக்கா எழுதிய 'பா'. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். கொக்கி, வளைவு, கால் எல்லாம் அப்படியே. எது அவருடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

சிம் இல்லாத போனைக் கூப்பிடவும் முடியாது. நாலு மணிக்கு அக்கா தானாகப் பேசினால்தான் உண்டு. மறுநாள் காலையிலிருந்து அவர்களோடு நின்று வேலை செய்தேன். முதல்முறையாக. மூன்றரைக்கெல்லாம் செல்வின் மின்விசிறிகளை நிறுத்தினார். அன்றைக்கு அங்கே இருந்த பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையில் பெட்டிகளில் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். என் கன்னத்தில் அட்டை குளிர்ச்சியாக இருந்தது. நாலு. நாலு ஐந்து. நாலு பத்து. ஒரு வாரத்துக்கும் மேல் சார்ஜ் இல்லாமல் பேசிக்கொண்டிருந்த போன், அன்றைக்குப் பேசவில்லை.

கத்தியை எடுத்தேன். முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது. நான் கிழிக்கக் கிழிக்க, மற்றவர்கள் திரும்ப மடித்து ஒட்டினார்கள். ஏழாவது பெட்டியில் கத்தியை வைத்தபோது எஸ்தர் என் கையைப் பிடித்தாள்.

"போதும் மாமா. அது அம்மா கட்டின பெட்டியா இருந்தா?"

லாரி ஐந்தரைக்குக் கிளம்பியது.

இப்போது வாரம் தவறாமல் போகிறேன். பைகளில் கை விட்டுப் பார்க்கிறேன். எந்தச் சட்டைப் பைக்குள் விரல் போனாலும், உள்ளே ஏதோ பேசப்போகிறது என்று ஒரு கணம் நின்றுவிடுகிறது. எங்கேயோ ஒரு மலைக் கிராமத்தில் யாரோ அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். போனுக்கு சார்ஜ் போட்டிருந்தால், தினமும் நாலு மணிக்கு முன்பின் தெரியாத ஒருவர் நெஞ்சிலிருந்து என் அக்கா பேசிக்கொண்டிருப்பார். பெட்டிகள் பல ஊர்களுக்குப் பிரிந்து போவதால், அந்த ஊர்ப் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் வீட்டில் மட்டும் நாலு மணிக்குச் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுதான் இப்போது பயமாக இருக்கிறது.

அக்காவின் கடைசி நாளில் ஆட்டோ கிடைக்காமல் தவித்தபோது தன் வண்டியை எடுத்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், ஒரு வாரம் எங்களுக்குச் சமைத்துப் போட்ட எஸ்தரின் மாமியாருக்கும், கல்லறைக்குச் சுமந்த கோடவுன் பிள்ளைகளுக்கும், நான் கிழித்த ஆறு பெட்டிகளைத் திரும்ப ஒட்டிய கைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைத் தில்லியம்மாவிடம் படித்துக் காட்டினேன். துணி மடிப்பதை நிறுத்தாமல் கடைசி வரை கேட்டார். எப்படி இருக்கிறது என்றேன்.

"நல்லாதான் எய்திகீற. மூணு வர்சமா உயிரோட வா வான்னு கூப்ட்டாங்க, வர்ல. செத்தப்புறம் ஊட்டுக்கே வந்து கூப்ட்டாங்க, பொட்டில போட்டு அனுப்பிட்ட. இன்னும் எத்தினி தபாதான் அவுங்க உன்னிய கூப்டணும் நைனா?"