பார்வையாளர்: 1

நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள், எனக்குக் கவலையில்லை. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

தொலைந்துபோன நாய், பூனைகளைத் தேடித் தர ஒரு வெப்சைட் நடத்துகிறேன். அதன் சர்வர் என் வீட்டில்தான், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்டோர் ரூமில் ஓடுகிறது. எல்லாம் வீட்டு இன்டர்நெட் லைன்தான். "போறவன் வர்றவனுக்கெல்லாம் வீட்டைத் திறந்து வச்சிருக்கியேடா" என்று மச்சான் கிண்டல் செய்வான்.

அன்று மனைவி கடைக்குப் போயிருந்தாள். சர்வரில் தூசி தட்டலாம் என்று உள்ளே போனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கைப்பிடியைத் திருகினேன்... கையோடு வந்துவிட்டது.

ஜன்னல் கிடையாது. போனும் இன்ஹேலரும் ஹாலில். எனக்கோ வீசிங். தொண்டை கிழியக் கத்தினேன், கதவை உதைத்தேன்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. சர்வரின் கீபோர்டை இழுத்து, வெப்சைட்டின் முதல் பக்கத்திலேயே எழுதினேன்: 'ஸ்டோர் ரூமில் மாட்டிக்கொண்டேன். என் மனைவிக்கு போன் செய்யுங்கள்.' அவள் நம்பரையும் போட்டேன்.

மணி 1.20. எப்போதும் நூறு பேராவது இருப்பார்கள். அன்று திரையில், என்னைச் சேர்க்காமல், 'பார்வையாளர்: 1'.

பக்கத்தின் கீழே, கமெண்ட் பெட்டியில் பதில் வந்தது.

'சொல்லியாச்சு. வந்துட்டிருக்காங்க. கத்தாதீங்க.'

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நிமிஷமே உறைத்தது... கத்தினேன் என்று நான் எழுதவே இல்லையே?

'யார் நீங்க?'

'பக்கத்துலதான்.'

நெஞ்சு விசிலடித்தது. 1.50. யாரும் வரவில்லை. மறுபடி கதவை உதைத்தேன்.

டக்.

விளக்கு அணைந்தது. திரை மட்டும் எரிந்தது.

'கத்தாதீங்கன்னு சொன்னேன்ல?'

செத்தேன் என்றே நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

மூச்சு...

அரை மூச்சு...

3.40. கதவு திறந்தது. மனைவி! பின்னால் கேபிள் பார்க்க வந்த லைன்மேன். அவள் ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்து வந்தாள். பேச்சு வந்ததும் கேட்டேன்: "யாராவது போன் பண்ணாங்களா?"

"யாரும் பண்ணலையே."

"காலைலயே கம்பத்துல கேபிள் அறுந்துபோச்சு சார்" என்றார் லைன்மேன். "உங்க தெருவுக்கே நெட் இல்ல."

அப்படியானால் அந்த ஒரு ஆள் வெளியிலிருந்து வந்திருக்க வழியே இல்லை. வீட்டுக்குள்ளேயே...

மனைவி அழுதுகொண்டே என்னைத் திட்டினாள்.

"ரெண்டு மணிக்கே வந்துட்டேன். எத்தனை தடவை கதவைத் தட்டினேன்! 'வேலையா இருக்கேன், திறக்காதே'ன்னு நீங்கதானே உள்ளேருந்து சொன்னீங்க?"