பச்சையிலிருந்து நீலத்துக்கு

ஒருவர் ஓரிடத்தில் எழுதியதை வேறோரிடத்தில் வேறொருவர் படிக்கும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில்; சேர்ந்ததா சேரவில்லையா என்று பயந்துகொண்டிருப்பது அந்தத் தொழிலின் பெரும்பகுதி.

நீங்களும் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, ஓரத்தில் இரண்டாவது டிக் விழுகிறதா என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தவர்தானே? அப்படியென்றால் என் பிழைப்பில் பாதி உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதியைச் சொல்கிறேன். ஒரே நிறுவனத்தில் வெளிவேலைக்காரர்கள் ஒரு செயலியில் எழுதுவார்கள், அலுவலகக்காரர்கள் வேறொரு செயலியில் படிப்பார்கள். அது பேசுவது இதற்குக் கேட்காது. இரண்டுக்கும் நடுவில், எங்கோ தூரத்தில் வாடகைக்குப் பிடித்த ஒரு கணினியில், எங்கள் நிரல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே எழுதியதை எடுத்து இங்கே வைக்கும். கிளவுட் என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் இதைத்தான். நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நானும் ஜெபசெல்வியும் இந்த வேலையைச் செய்கிறோம். கைப்பேசிச் செயலிக்கு எங்களுக்குள் பெயர் ‘பச்சை’. அலுவலகக் கணினியில் இருக்கும் செயலிக்குப் பெயர் ‘நீலம்’.

தாணு சார் கேட்டது

கீரிப்பாறைக்கு மேலே ஒரு தனியார் ரப்பர் எஸ்டேட் இருக்கிறது. அதன் மேனேஜர் தாணு சார், நாகர்கோவிலில் உள்ள தலைமை அலுவலகத்தில் இருப்பவர். எஸ்டேட்டின் உச்சியில் ரப்பர் பால் எடைபோடும் கொட்டகை. அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. ஆனால் கேபிள் இணையம் உண்டு, ஒரு கணினியும் அதில் நீலமும் உண்டு. பால் வெட்டும் பெண்கள் ஆறு பேர். பதினொரு மணிவாக்கில் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, மூன்றாம் பிளாக் வழியாக ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் நடந்து கீழே ரோட்டுக்கு வருவார்கள். ஜீப் மதியத்துக்குமேல்தான் பால் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வேறு வழியாக அருமனை ஃபாக்டரிக்குப் போகும்; ஆளுக்கு அதில் இடமில்லை.

அந்தப் பாதையில் யானை வரத் தொடங்கியிருந்தது. பெண்கள் பத்திரமாகக் கீழே சேர்ந்தார்களா என்பது மேலே கொட்டகைக்கும் தெரிய வேண்டும், நாகர்கோவிலுக்கும் தெரிய வேண்டும். கலுங்கு எனப்படும் ரோட்டோரச் சிறுபாலத்தில் நின்றால் ஒரே ஒரு கம்பெனியின் சிக்னல் மட்டும் கிடைக்கும். அந்த சிம் ஆறு பேரில் மூத்தவரான தங்கபாய் அக்காவிடம் இருந்தது. ஆகவே அவர் பச்சையில் எழுதுவது, இரண்டு இடத்திலும் நீலத்தில் தெரியவேண்டும். நான் என்னென்ன வசதிகள் செய்து தரமுடியும் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். தாணு சார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஓய், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஆறு பேரும் எறங்கியாச்சான்னு இங்க இருந்தே எனக்குத் தெரியணும், அம்புட்டுதான்.”

வணக்கம், வணக்கம், வணக்கம்

இணைப்புக் கொடுத்த முதல்நாள் தாணு சாரையே முதல் செய்தி எழுதச் சொன்னோம். நீலத்தில் “வணக்கம்” என்று எழுதினார். எங்கள் நிரல் அதை எடுத்துப் பச்சையில் வைத்தது. பச்சையில் புதிதாக ஒரு வணக்கம் வந்திருப்பதைப் பார்த்து, அதை எடுத்து நீலத்தில் வைத்தது. நீலத்தில் புதிதாக ஒன்று. மறுபடி பச்சைக்கு. நான் சாயாவை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் திரை முழுவதும் வணக்கம். மலையடிவாரத்தில் தங்கபாய் அக்காவின் இடுப்பில் கைப்பேசி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்ததாம்.

 ஓடிப்போய் நிரலை நிறுத்தினோம். அன்றைக்கே ஒரு வடிகட்டி வைத்தேன்: ஒரே எண்ணிலிருந்து அதே வாசகம் அரைமணி நேரத்துக்குள் மறுபடி வந்தால், அது எதிரொலி, தள்ளிவிடு. வடிகட்டி நன்றாக வேலை செய்தது. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது தாணு சார் எழுந்து நின்று எனக்குக் கைகூப்பினார்.

“ஒரு வணக்கம் சொன்ன பாவத்துக்கு நாள் முழுக்க என்னைக் கும்பிட வச்சுட்டீரே, வாரும்!”

அட்டையும் குடையும்

தங்கபாய் அக்காவுக்கு எழுதுவதில் ருசி இருந்தது. முன்னும் பின்னுமாக வருகிற பெண்கள் ஒவ்வொருவராகக் கலுங்குக்கு வந்து சேரச் சேர, ஒவ்வொருத்திக்கும் ஒரு செய்தி போடுவார். “லீலா எறங்கியாச்சு, வழியில அன்னாசி பறிச்சிட்டு வாறா.” “மேரி எறங்கியாச்சு, செருப்பு அறுந்து போச்சு.” நாகர்கோவில் அலுவலகத்தில் சுவரில் மாட்டிய பெரிய திரையில் இதெல்லாம் வரும். பதினொன்றரைக்கு எல்லோரும் அதைப் படிக்கக் கூடிவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இப்படி வந்தது: “ஸ்டெல்லா எறங்கியாச்சு. நேத்து வந்த மேனேஜர் காலுல ஏறுற அட்டைக்குப் பயந்து குடைய முட்டுக்குக் கீழ விரிச்சுப் பிடிச்சுட்டு நடந்ததச் சொல்லிச் சிரிச்சு வழுக்கி விழுந்தா.” அலுவலகமே படித்தது. தாணு சாரும் படித்தார். உடனே எஸ்டேட் சூப்பர்வைசரை மறுநாள் டவுனுக்கு வரச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் எஸ்டேட் சூப்பர்வைசர் வில்சன் டவுனுக்கு வந்தவர் எங்கள் மாடிக்கும் ஏறி வந்தார். திங்கட்கிழமையிலிருந்து வழக்கம் மாறுகிறது என்றார். கேட்டுவிட்டு, நல்ல ஏற்பாடு, திரை சுத்தமாக இருக்கும் என்று நான் தலையாட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதைக் கேட்டு நான் ஏன் பதறவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

“இனி கதையும் வேண்டாம், பேரும் வேண்டாம். ஆளுக்கு ஒரு சொல்லு. எறங்கியாச்சு. முடிஞ்சு.”

ஒன்று மட்டும்

திங்கட்கிழமை பெண்கள் பதினொரு மணிக்குக் கொட்டகையை விட்டுக் கிளம்பினார்கள். பத்து நிமிடம் கழித்து, காட்டுக் காவலர் ஒருவர் தாணு சாரைக் கூப்பிட்டார். மூன்றாம் பிளாக்கில் குட்டியோடு ஒரு யானை நிற்கிறது. தாணு சார் உடனே நீலத்தில், கொட்டகைக்கு மட்டும் போகும்படி எழுதினார். கொட்டகையில் எழுத்து வேலை பார்க்கும் ரோஸ்லெட் அதைப் படித்துவிட்டு வில்சனைக் கூப்பிட்டாள். ஆனால் பெண்கள் அதற்குள் பாதைக்குள் போய்விட்டிருந்தார்கள். கூப்பிட்டால் யானைக்கும் கேட்கும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

பதினொன்று முப்பத்திரண்டுக்குத் திரையில் “எறங்கியாச்சு” என்று வந்தது. ஒன்று. எல்லோரும் அடுத்ததற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து. நாற்பது. நாற்பத்தைந்து. வேறெதுவும் வரவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு ரோஸ்லெட் எழுதினாள்: “ஒரு ஆளு தான் எறங்கினது. அஞ்சு பேரக் காணல்ல. வில்சன் அண்ணனும் டிரைவர் சுகுமாரன் அண்ணனும் தேடிப் போறாங்க.” வில்சனிடம் இருந்தது பட்டன் போன், அதற்கும் அந்தக் காட்டில் சிக்னல் இல்லை. அவர்கள் இறங்கிய பாதையில்தான் யானை நின்றது.

தாணு சார் என்னைக் கூப்பிட்டார். அவர் குரல் இவ்வளவு மெல்லியதாக வரும் என்று எனக்குத் தெரியாது.

“ஓய், அந்த அஞ்சு பேரும் உம்ம கம்ப்யூட்டருக்குள்ள மாட்டிக் கெடக்காளா, இல்ல காட்டுலயா? அத மட்டும் சொல்லும்.”

தள்ளிவிட்டவற்றின் பட்டியல்

எங்கள் நிரல் எதையாவது தள்ளிவிட்டால் அதை ஒரு பட்டியலில் குறித்துவைக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஜெபசெல்வி திறந்தாள். தங்கபாய் அக்காவின் எண்ணிலிருந்து ஐந்து செய்திகள். ஐந்தும் “எறங்கியாச்சு.” இரண்டு மூன்று நிமிட இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக. என் வடிகட்டி ஐந்தையும் எதிரொலி என்று தள்ளியிருந்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. ஐந்து செய்தி என்றால் ஐந்து பெண்களா? அல்லது யானையைக் கண்டு ஓடிவந்த ஒருத்தி, செய்தி போனதோ என்னவோ என்று ஆறுமுறை அமுக்கினாளா? ஒரே எண், ஒரே சொல். பெயர் இல்லை, கதை இல்லை. பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் அதற்குமேல் அது எதுவும் சொல்லாது. தாணு சாரிடம் பெயர்ப்பட்டியல்தான் உண்டு, எண் கிடையாது. எண் எங்களிடம்தான் இருந்தது. நான் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். அடித்து நின்றது. ஜெபசெல்வி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம், சிரிப்பு.

“ஆறு பேரும் உண்டே சாரே. சாயாக்கடையில ரசவடை தின்னுட்டிருக்கோம்,” என்றார். லீலா, மேரி, ஸ்டெல்லா, இன்னும் இருவர் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லவைத்தேன். யானையைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. அது பாதைக்கு வருமுன்பே கடந்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பிறகு கேட்டார்.

“அப்பம் வில்சன் எங்க சாரே?”

ஜீப் ஹாரன்

நீலத்தில் நானே ரோஸ்லெட்டுக்கு எழுதினேன். ஆறு பேரும் பத்திரம், தவறு எங்களுடையது, வில்சனைத் திரும்பக் கூப்பிட வழி உண்டா? அவள் எழுதினாள்: “சத்தம் போட்டா ஆனைக்குக் கேக்கும் சாரே. அது எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாது.” நான் விரலை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுவது? சத்தம் போடு என்று எழுதலாம். போடாதே என்றும் எழுதலாம். இரண்டில் எது இரண்டு உயிரைக் காக்கும் என்று மருந்துக்கடை மாடியில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதுவதற்குமுன் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: “நான் ஜீப்புக்குப் போறேன்.” அதன்பிறகு எதுவும் இல்லை.

பதினேழு நிமிடம். வாழ்க்கையில் நான் எத்தனையோ செய்திகளுக்குக் காத்திருந்திருக்கிறேன். அன்று மட்டும், செய்தி வராமலே இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. வந்தால் என்ன வருமோ என்ற பயம். பிறகு தெரிந்தது இது. கொட்டகைக்கு வெளியே நின்ற பழைய ஜீப்புக்கு ஹாரனடிக்கச் சாவி வேண்டாம். ரோஸ்லெட் அதில் ஏறி, நீளநீளமாக ஹாரனை அடித்திருக்கிறாள். கீழே வில்சன் அப்போது பாதையில் கிடந்த யானைச் சாணத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சூடு ஆறவில்லை. இருபதடி தள்ளி ஈற்றை மூங்கில் புதருக்குள் கிளை முறிந்தது. முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் வில்சன் நின்றுவிட்டார். டிரைவர் சுகுமாரனுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தன் ஜீப்பின் ஹாரன் கேட்டதும் வில்சனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே பாய்ந்துவிட்டார். யானை எந்தப் பக்கம் போனது என்று இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் ரோஸ்லெட்டின் எழுத்து மறுபடி வந்தது: “ரெண்டு பேரும் வந்தாச்சு.” மூச்சிரைக்க வந்து நின்ற சுகுமாரன் முதலில் கத்தியது என்ன என்பதையும் அவள் அடுத்த வரியில் எழுதியிருந்தாள்.

“என் வண்டியில கைய வச்சது ஆருட்டி?”

தங்கபாய் அக்கா கேட்டது

மறுநாள் முதல் பஸ்ஸில் கீரிப்பாறைக்குப் போனேன். வடிகட்டியை எடுத்துவிட்டேன், எதிரொலியை வேறு விதமாகத் தடுத்திருக்கிறோம், இனி எத்தனை முறை அனுப்பினாலும் வரும் என்றெல்லாம் வில்சனிடம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். வலது கையை மட்டும் அடிக்கடி வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குக் கலுங்கில் தங்கபாய் அக்கா பக்கத்தில் நின்றேன். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒவ்வொருத்தி வந்ததும் அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கைப்பேசியைப் பார்த்து அமுக்கினார். ஐந்தாவது ஆள் வந்தபிறகு, மேரியைக் காணாமல், பாதையைப் பார்த்தபடி நின்றார். கைப்பேசி கையிலேயே இருந்தது. மேரி வளைவில் தெரிந்தாள். அப்போதும் அமுக்கவில்லை. கிட்டே வந்தபிறகுதான் அமுக்கினார். “ஏன் அக்கா, எல்லாரும் வந்தப்பெறவு, ஆறு பேரும் எறங்கியாச்சுன்னு ஒரே தடவ எழுதினாப் போதாதா? உங்களுக்கும் எளுப்பம், எனக்கும் எளுப்பம்,” என்று கேட்டேன். அவர் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஆறுன்னு சொல்ல வாய் போதும் சாரே. எறங்கியாச்சுன்னு அமுக்கணும்னா எனக்கு அவளுக்க மொகம் காணணும்.”

ஆக, மலையையும் டவுனையும் கிளவுட் வழியாக இணைப்பவன் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாலும், நான் உண்மையில் பார்க்கிற உத்தியோகம் தினமும் பதினொன்றரை மணிக்குக் கையில் எடுத்த சாயாவைக் குடிக்காமல் ஆறு வரை எண்ணுவதுதான்.