பரிசத் தட்டில் கறுப்பு ரூபாய்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: எங்கள் பக்கம் நைனா, அம்மா, அண்ணன், அம்மாவின் தம்பியான மாமா, நான். பெண் வீட்டுப் பக்கம் பெண்ணின் அப்பா, அவருடைய அக்காவான விதவை அத்தை, கதவுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய நின்ற பெண். மொத்தம் எட்டுப் பேர். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இப்போதும் விரல் மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன். எதையும் ஒரு தடவை பார்த்தால் எனக்குப் போதாது.

சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்து, விஷக்காய்ச்சலும் வந்து போன வருஷம் அது. அண்ணனுக்குப் பரிசம் போட ஆம்பூரிலிருந்து ரயிலேறி, குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். எங்களில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பணம் வைக்கவேண்டும். இருபத்தொரு ரூபாய், அதுவும் வெள்ளி ரூபாய். சண்டையில் வெள்ளிக்குப் பஞ்சம் வந்து, சர்க்கார் ஒரு ரூபாய்க்குக் காயிதம் அடித்து விட்டிருந்தது. காயிதத்தை நம்பி யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

ரயிலில் மாமா சும்மா வரவில்லை. எல்லாம் தெரிந்தவர் மாமா.

"வெள்ளி நம்ம மண்ணுல கெடைக்காது பாப்பா. கடலுக்கு அந்தாண்ட மலையக் குடைஞ்சி எடுக்கறானுங்க. குழிக்குள்ள போனவன்ல பாதிப்பேரு வெளிய வர்றதில்ல. அத்த கப்பல்ல கொண்டாந்து, உருக்கி, மேல ராஜா மூஞ்சிய அடிச்சுட்றாங்க. அடியில கீறது எவன் மூஞ்சியோ!"

"கொழந்தைய இன்னாத்துக்குடா பயமுறுத்தற?" என்றாள் அம்மா. நான் அதற்குள் பயந்து முடித்திருந்தேன்.

பணம் நைனாவின் மடியில் ஒரு தோல் பைக்குள் இருந்தது. நைனாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சிப்பாய்களின் பூட்சுக்குத் தோல் போய்க்கொண்டிருந்த காலம் என்பதால், மயிர் சீக்கிரம் கழல சுண்ணாம்புக் குழியில் புதிதாக ஏதோ மருந்து கலந்தார்கள். அந்தக் குழியிலிருந்து வந்த தோலில் விளிம்பு நறுக்கிப் போட்டதை எடுத்து, நைனா தன் கையாலேயே பை தைத்தார். நாலு பக்கமும் தையல். மேலே ஒரு ரூபாய் மட்டும் நுழையக் கீறல். கூலி காயிதமாக வரும். அதற்கு மேல் வட்டம் என்று மாற்றுக்கூலி கொடுத்து வெள்ளியாக மாற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே தள்ளுவார். தள்ளியதை மறுபடி எடுத்துப் பார்க்க வழியில்லை. பிரித்தால் செலவாகிவிடும் என்பது அவர் கணக்கு.

பெண் வீட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் வைத்த பித்தளைத் தட்டை நடுவில் வைத்தார்கள். மாமா கத்தியால் தையலை அறுத்தார். நைனா பையைக் கவிழ்த்தார்.

விழுந்ததெல்லாம் கறுப்பு.

அடுப்புக் கரி மாதிரிகூட இல்லை. நீலமும் ஊதாவும் ஓடிய ஒரு கறுப்பு. ராஜாவின் மொட்டைத்தலை, ராணியின் கிரீடம் எல்லாம் எரிந்துபோனவர்களின் முகம்போல் மேலே பார்த்தன. பெண்ணின் அப்பா மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் பெண்ணும் முந்தானையை மூக்கில் வைத்தாள்.

அத்தை ஒரு ரூபாயை எடுத்து முகர்ந்தாள்.

"இது பொணக்காசு. காய்ச்சல்ல போன என் வூட்டுக்காரரு நெத்தியில ஒத்த ரூபா வச்சி அனுப்புனேன். எரிக்கிறப்போ வந்த அதே நாத்தம். சுடுகாட்டுல பொறுக்கியாந்து பொண்ணு கேக்கறீங்களா?"

"அய்யோ, எங்க ஒழைப்புக் காசும்மா" என்றார் நைனா.

நான் தட்டின் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தேன். ஒரு நாற்றமும் இல்லை. அம்மாவைப் பார்த்தேன், அம்மாவும் முகர்ந்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் அண்ணனைப் பார்த்தாள். எங்கள் ஐந்து பேருக்கும் தெரியாத ஒரு நாற்றம் அவர்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. செத்தவர்களுக்குத்தான் தங்கள் நாற்றம் தெரியாது என்று எனக்குத் தோன்றியது. காய்ச்சலில் எங்கள் தெருவில் அத்தனை பேர் போனார்களே, நாங்களும் போய்விட்டோமா, யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையா? பாவாடைக்குள் தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. அது போதுமான சாட்சியா என்று தெரியவில்லை.

மாமா ஒரு ரூபாயைக் கல்லில் சுண்டினார். கணீரென்றது. "கேட்டியாம்மா? சுத்த வெள்ளி!"

"பொணம் பாடினாலும் அது பொணந்தான்" என்றாள் அத்தை.

மாமா விடவில்லை. புளியும் சாம்பலும் கேட்டு வாங்கி ஒன்றைத் தேய்த்தார். ராஜா வெளுத்து வெளியே வந்தார்.

"மூஞ்சி வெளுத்துச்சி. வந்த வழி வெளுக்குமா?" என்றாள் அத்தை.

அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அழுது மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அண்ணனுக்கு அந்தப் பெண்ணை விட்டால் வேறு பெண் வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் அப்பாதான் கடைசியில் இறங்கிவந்தார்.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வேற காசு, வெள்ளைக் காசு கொண்டாங்க. இத்த எங்க ஊரு சுடுகாட்டுலயே வச்சிட்டுப் போய்டுங்க. இல்லன்னா வெத்தலைய எடுத்துக்குங்க."

நைனா அப்போதே ஸ்டேஷனுக்கு நடந்தார். கறுப்பு ரூபாய்களைத் தானே சுடுகாட்டில் வைத்துவிட்டு வருவதாக மாமா சொன்னார். துணைக்கு யாரும் வரவேண்டாம், மாமன் முறை உள்ளவன்தான் செய்யவேண்டும் என்றார். வெகு நேரம் கழித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த வருஷமே மாமா ஒரு கறவை மாடு வாங்கியதை நான் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

எங்களுக்கு மாட்டுக்கொட்டகையில் படுக்க இடம் கொடுத்தார்கள். மாடுகூட எங்களைவிட்டுத் தள்ளிப்போய், சுவரோடு ஒட்டி நின்றது.

மறுநாள் நைனா இருபத்தொரு வெள்ளை ரூபாயோடு வந்தார். அத்தை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பரிசம் நடந்தது, அண்ணி வந்தாள். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன். மருந்துக் குழியில் இறங்க யாரும் சம்மதிக்காததால் மேஸ்திரி முன்பணம் கொடுத்தார் என்பதும், கடன் தீரும்வரை நைனாவே அதில் இறங்கவேண்டும் என்பது பேச்சு என்பதும் வீட்டில் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன. வேலைதானே என்று நினைத்தேன். அண்ணிதான் முதலில் சில மாதம் மூக்கைச் சுளித்துக்கொண்டு நடமாடினாள். பிறகு அவளுக்கும் ஒன்றும் தெரியாமல் போயிற்று.

எனக்குக் கல்யாணமாகி, தோல் ஷாப்பில் வேலை செய்த என் வீட்டுக்காரரின் வேட்டியைத் துவைக்கத் துவைக்க, என் கால் வெள்ளி மெட்டி நீலம் ஓடிக் கறுத்தது. அன்றுதான் எனக்கு உறைத்தது. நைனாவின் காசில் எந்தப் பிணமும் இல்லை. பைத் தோலில் அந்த மருந்துக் குழி இருந்தது. குழி கறுக்கவைத்த காசுக்கு மாற்றுக் காசு தேடி, அவர் அதே குழியில் போய் இறங்கியிருக்கிறார். வெள்ளிக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, பரிசம் போட்ட மூன்றாம் மழைக்காலத்தில், இருமி இருமி நைனா போய்விட்டார். அந்த மாதத்தோடு என் பள்ளிக்கூடமும் நின்றது. காரியம் முடிந்த மறுநாள் மேஸ்திரி வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று, அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார்: வட்டியைத் தள்ளிவிட்டாலும் இன்னும் பாக்கி ஏழே கால் ரூபாய்.