காது மிஷினுக்கு வச்ச பொட்டு

காது மிஷினப் பத்தி திருவாரூர் ஜில்லாவுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்காரங்களே சந்தேகம்னா எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. பொய்தான். போன் வந்தது ஒரே ஒரு தடவ. அதுவும் நான் மறந்து வச்சுட்டு வந்த குடைய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லி.

நான் படிச்சவன் இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போனது மதியச் சாப்பாட்டுக்கு. முட்டை போடுற நாள்ல கொஞ்சம் சீக்கிரமே போயிடுவேன், அவ்வளவுதான் எனக்கும் கல்விக்கும் உள்ள சம்பந்தம். ஆனா எங்க மாமா காதுக்கு மிஷின் வந்த கதைய மட்டும் எந்தப் படிச்சவனும் என்னளவுக்குச் சொல்ல முடியாது. ஏன்னா அதுல கெட்டது பாதி என்னாலதான் கெட்டுச்சு.

மாமான்னா அம்மாவோட தம்பி. நன்னிலம் பக்கத்துல எங்க வீட்லயே இருந்து, குத்தகைக்கு நெலம் எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தாரு. சின்னப்புள்ளையில வந்த ஒரு காய்ச்சல் போறப்ப, காதுல பாதியக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அதனால எங்க வீட்ல ரகசியம்னு ஒண்ணு கிடையாது. அம்மா அடுப்படியிலேருந்து மாமாவுக்கு ஒண்ணு சொன்னா, தெருவுல எல்லாருக்கும் கேட்டு முடிஞ்ச பிறகுதான் மாமாவுக்குக் கேக்கும். குழம்புல உப்பு கூடுனதுக்கு எதிர்வீட்லேருந்து ஆள் வந்து யோசனை சொன்ன காலமெல்லாம் உண்டு.

மாமா ஒரு வழி வச்சிருந்தாரு. யார் என்ன கேட்டாலும் சிரிச்ச மொகமா "ஆமாங்க"ம்பாரு. பாதிக்குப் பாதி அது சரியாப் போயிடும். மீதி பாதியில ஒண்ணு, எங்க வீட்டு சைக்கிள் ஒரு மழைக்காலம் பூரா பேரளத்துல, இரவல் கேட்ட ஒருத்தர் வீட்ல நின்னுச்சு. அதக்கூடத் தாங்கிக்கலாம். மாப்பிள்ளை பாக்க வர்றவங்ககிட்டயும் மாமா இதே "ஆமாங்க" சொன்னாரு. பேரு என்னன்னு கேட்டா ஆமாங்க, எத்தன வேலி சாகுபடின்னா ஆமாங்க. வந்தவங்க காபி குடிச்சுட்டு, மாப்பிள்ளைக்குக் காது இல்லன்னு நெனக்கல, புத்தி இல்லன்னு நெனச்சுட்டுப் போனாங்க. அம்மா கவலையில தூக்கம் கெட்டுப் போச்சு. மாமா, வெளியில எங்கயாவது கல்யாணப் பத்திரிகை குடுத்தா, அத ரொம்ப நேரம் கையில வச்சுப் படிச்சுக்கிட்டிருப்பாரு.

மிஷின் வாங்கலாம்னு முதல்ல கும்பகோணத்துல ஒரு ஏசி கடைக்குப் போனோம். வெலையக் கேட்டதும் அப்பாவுக்கே கொஞ்சம் காது அடைச்சுப் போச்சு. "இதுக்கு ஒரு கறவ மாடும் கன்னும் வாங்கலாம், மாடு அதுவா கத்தும், மாப்பிள்ளைக்கும் கேக்கும்"னாரு. அடுத்தாப்புல திருவாரூர் தேர்த் திருவிழாக் கடையில, சட்டைப்பையில வைக்கிற மாதிரி ஒரு பொட்டி, அதுலேருந்து ஒரு ஒயரு, கொசுறு வெலைக்கு வாங்கினோம். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொட்டுச்சு. பஸ்ஸு ஹாரன் அடிச்சப்ப மாமா சீட்டுலேருந்து எந்திரிச்சு நின்னுட்டாரு. பக்கத்துல பேசுற அம்மா பேச்சு மட்டும் பழையபடியே புரியல. கடைசியில ஊருக்கு வர்ற நர்ஸ் அக்காதான் சொன்னாங்க, தஞ்சாவூர்ல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க, டெஸ்ட் பண்ணி, அட்டை போட்டு, மிஷின அவங்களே குடுப்பாங்கன்னு.

மாமாவுக்குத் துணையா நான் போனேன். அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல முட்டை கிடையாது.

ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள மாமாவ உக்கார வச்சு, காதுல பெரிசா ஒண்ண மாட்டி, கையில ஒரு பட்டனக் குடுத்தாங்க. சத்தம் எவ்வளவு மெலிசாக் கேட்டாலும் அமுக்கணும். வெளியில ஒரு மேடம் உக்காந்து சத்தம் விடுறாங்க. நான் அவங்க பின்னால நின்னேன். அவங்க விரல் அசைஞ்சா மாமாவுக்குச் சத்தம் போவுதுன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. பரீட்சைன்னா உதவணும்ல. விரல் அசையறப்பல்லாம் நான் கண்ணாடி வழியா மாமாவுக்குத் தலையாட்டினேன். மாமா டக்கு டக்குன்னு அமுக்கினாரு.

மேடம் பேப்பரப் பாத்தாங்க, மாமாவப் பாத்தாங்க. "இவருக்கு நாய்க்குக் கேக்குற அளவுக்குக் காது கேக்குதே, எதுக்கு இங்க வந்தீங்க?"ன்னாங்க. அப்புறம் மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தாங்க.

"உங்க மாமா பாசாயிட்டா மிஷின் கிடைக்காதுடா. செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லு."

ஃபெயிலானாத்தான் கிடைக்கிற ஒரு பரீட்சை இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். எனக்குன்னே வச்ச பரீட்சை, மாமாவப் போய் எழுத விட்டுட்டோமேன்னு இருந்துச்சு.

திரும்ப டெஸ்ட் பண்ணிட்டு மேடம் மாமாவுக்கு எதுருல உக்காந்து சொன்னாங்க. தடிச் சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்குது, தவில் கேக்கும், மோட்டார் கேக்கும். மெலிசான சத்தம்தான் போயிடுச்சு. பேச்சுல "ச", "த", "ப" எல்லாம் அந்த மெலிசுல சேந்தது. அதனாலதான் ஒருத்தர் பேசுறது கேக்கும், என்ன பேசுறாங்கன்னு புரியாது. இந்த மிஷின் போனத மட்டும் தூக்கிக் குடுக்கும், இருக்கிறதத் தூக்காதுன்னாங்க. மாமா அழுவுற மாதிரி ஆயிட்டாரு. அத்தன வருஷமா அவருக்கு என்னன்னு அவருக்கே யாரும் சொன்னதில்ல.

காதுக்குள்ள ரோஸ் கலர் மாவ ஊத்தி அச்சு எடுத்தாங்க. மாமாவுக்குக் கூச்சம், சிரிச்சு சிரிச்சு ரெண்டு அச்சு வீணாப் போச்சு. அடுத்த தடவ போனப்ப மிஷின் வந்துடுச்சு. காதுக்குப் பின்னால உக்கார்ற மாதிரி புளியங்கொட்ட கலர்ல ஒண்ணு, அதுலேருந்து காதுக்குள்ள ஒரு சின்னக் குழாய். பொத்தான் மாதிரி பேட்டரி. அதுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர உரிச்சுக் காத்துப் பட்டாத்தான் அதுக்கு உயிரு வரும். கடைசியா மேடம் ஒண்ணு சொன்னாங்க: "மிஷின் பாதிதான். மீதி பாதி நீங்க. கிட்ட வந்து, மொகத்தப் பாத்து, நிதானமாப் பேசணும்." நான் தலைய ஆட்டினேன். நெனப்பெல்லாம் பஸ் ஸ்டாண்டு பரோட்டாவுல இருந்துச்சு. வீட்ல வந்து அதச் சொல்லவே இல்ல. மிஷின் வந்துடுச்சேன்னு அம்மா அடுப்படியிலேருந்து பழையபடியே கத்துச்சு. மாமா காதப் பொத்திக்கிட்டு ஓடுனாரு.

அந்தச் சமயத்துல குத்தாலத்துல ஒரு பொண்ணு பாக்கப் போனோம். காது விஷயத்தச் சொல்ல வேணாம்னு அம்மா கட்டளை. "மிஷின் இருக்கிறப்ப எதுக்கு சொல்லணும்? முடிய நீளமா விட்டு மறைச்சுக்கடா." பொண்ணு மோர் கொண்டாந்து குடுத்துட்டு, "உப்பு போட்டிருக்கு, பரவால்லையா?"ன்னு கேட்டுச்சு. மாமா, "உப்பு போட்டாத்தான் நல்லாருக்கும்"னாரு. நாங்க எல்லாரும் ஆடிப் போயிட்டோம். "ஆமாங்க" சொல்லல. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டாரு. திரும்பி வர்றப்ப பஸ்ல, "ஒரே தடவதாங்க்கா கேட்டா, கேட்டுடுச்சு"ன்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே வந்தாரு. பஸ்ஸு முழுக்க அவருக்கு வாழ்த்து சொல்லிட்டு எறங்குச்சு.

பொண்ணு வீட்டுக்காரங்க விஜயதசமி அன்னைக்கு எங்க வீட்டப் பாக்க வர்றதா சொல்லிவிட்டாங்க. வினை எங்கேருந்து வந்துச்சுன்னா, அதுக்கு முந்துன நாள் ஆயுத பூஜை. வருஷத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் புஸ்தகத்தத் தொடாதேன்னு சாமியே சொல்ற நாள், அதனால எனக்கு ரொம்பப் புடிச்ச பண்டிகை. மண்வெட்டி, அருவா, மருந்தடிக்கிற மிஷின், அப்பாவோட டிவிஎஸ், எல்லாத்தையும் கழுவித் தொடச்சு சந்தனம் குங்குமம் வச்சோம். அம்மா மாமாவப் பாத்து கைய நீட்டுச்சு.

"அத எதுக்குங்க்கா?"

"மருந்தடிக்கிற மிஷினுக்குப் படைப்போம், உன் வாழ்க்கைய ஓட்டுற மிஷினுக்குப் படைக்க மாட்டோமா? கழட்டுடா."

மிஷினோட மேல்பக்கத்துல சின்னதா ஓட்டை இருக்கும். பொட்டு வைக்கன்னே எடம் விட்டு செஞ்ச மாதிரி இருந்துச்சு. அம்மா பக்தியோட நல்லா அழுத்தி வச்சுச்சு. ராத்திரி பூரா அது சாமி முன்னால பொரி கடலைக்குப் பக்கத்துல ஓய்வெடுத்துச்சு.

காலையில மறுபடி சூடம் காட்டி முடிக்கிறதுக்குள்ள வாசல்ல கார் வந்துடுச்சு. மாமா அவசரமா மிஷின மாட்டினாரு. என்னைப் பாத்தாரு. கைய விரிச்சாரு. ஒண்ணும் கேக்கல.

வீட்ல இஞ்சினியர் நான்தானே. கொல்லைப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போய்ப் பேட்டரிய மாத்தினேன். குழாயில வாய வச்சு ஊதினேன். டிவிஎஸ்ஸ சாய்ச்சு ஸ்டார்ட் பண்ற மாதிரி மிஷினச் சாய்ச்சுப் பாத்தேன். பொட்டக் கண்ணால பாத்தேன், ஆனா தொடல. வச்ச பொட்ட அழிக்கக் கூடாதுல்ல. "போங்க மாமா, சூடானா கேக்கும்"னு அனுப்பி வச்சேன்.

பொண்ணோட அப்பா நெதானமான மனுசன். தோள்ல துண்டு, கையில ஒரு பழைய போன். நாற்காலியில உக்காந்து மாமாவப் பாத்துக் கேட்டாரு.

"நெலம் சொந்தமா, குத்தகையா தம்பி?"

"ஆமாங்க."

"இல்ல, ரெண்டுல எதுன்னு கேட்டேன்."

"ஆமாங்க."

அப்பா குறுக்க விழுந்து, "குத்தகைங்க, நல்ல குத்தகை"ன்னாரு. நல்ல குத்தகைன்னா என்னன்னு அப்பாவுக்கும் தெரியாது.

"குடி கிடின்னு பழக்கம் ஏதும் உண்டுங்களா?"

மாமா ரொம்பப் பணிவாச் சிரிச்சுக்கிட்டு, "ஆமாங்க, ஆமாங்க"ன்னாரு.

அம்மா கதவப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "அவன் தமாசாப் பேசுவானுங்க"ன்னு அப்பா சிரிச்சாரு. வேற யாரும் சிரிக்கல. மாமா ஒவ்வொரு மொகமாப் பாத்துக்கிட்டு வந்தாரு. எந்தக் கேள்விக்கு என்ன சொன்னோம்னு தெரியாது, ஆனா தப்பாயிடுச்சுன்னு தெரிஞ்சு போச்சு. இதுக்கு முன்னால இந்த மாதிரி எடத்துல எல்லாம் தலையக் குனிஞ்சுக்குவாரு. அன்னைக்குக் குனியல. முடிக்குள்ள கைய விட்டு மிஷினக் கழட்டி, பொண்ணோட அப்பா முன்னாடி வெத்தலத் தட்டுல வச்சுட்டாரு.

"எனக்குக் காது சரியாக் கேக்காதுங்க. இத மாட்டினாக் கேக்கும். இன்னைக்கு இதுவும் வேலை செய்யல. நீங்க கேட்டது எதுவும் எனக்கு விழல. மறைச்சது தப்புங்க."

பொண்ணோட அப்பா மிஷின எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. என்னைக் கூப்பிட்டு, "இதுல சத்தம் எது வழியா உள்ள போவும்?"னு கேட்டாரு. நான் கெத்தாக் குழாயக் காட்டினேன். என் விரல் போன எடத்தப் பாத்தே கேள்வியப் புரிஞ்சுக்கிட்ட மாமா எட்டி, அதத் தள்ளிவிட்டு மேல காட்டினாரு.

"மேல வாங்கும், கீழ விடும். வாங்குற எடத்துலதாங்க எங்கக்கா பொட்டு வச்சிருக்கு."

அதச் சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைச்சுது. அந்தப் பெரியவரு துண்டு கீழ விழுற அளவுக்குச் சிரிச்சாரு. பொட்ட எடுக்க அம்மா ஒத்துக்கல. "சாமி கோவிச்சா என்னைக் கோவிக்கட்டும்மா, ஒரு ஊக்கு குடுங்க"ன்னு வாங்கி, அவரே குத்திக் குத்திச் சந்தனத்த எடுத்து, துண்டால தொடச்சு, மாமாகிட்ட நீட்டினாரு. மாமா மாட்டினாரு. மொகம் மலர்ந்துச்சு.

"இப்ப சொல்லுங்க தம்பி. குடிப்பீங்களா?"

"தீபாவளிக்கு மட்டும்ங்க. அதுவும் மச்சான் வாங்கிக் குடுத்தா."

அம்மா மெதுவா அப்பா பக்கம் திரும்புச்சு. அந்தக் கதை வேற, அது ஒரு வாரம் ஓடுச்சு.

அவங்க கெளம்பறப்ப நான் கார் வரைக்கும் கூடப் போனேன். கல்யாணம் என் கையிலதான் இருக்குன்னு நெனப்பு. பெரியவரு, "மிஷின் இல்லாட்டி உங்க மாமாவுக்கு ஒண்ணுமே கேக்காதா?"ன்னாரு. நான், "எறும்பு நடக்குறது கேக்கும். நெல்லு பால் புடிக்கிறது கேக்கும்"னேன்.

அவரு என் தலைய ஆட்டிவிட்டுட்டு, "அப்படியா? அப்ப எம்பொண்ணு எதுக்கு அன்னைக்கு அவ்வளவு மெதுவாப் பேசுச்சு?"ன்னுட்டுக் கார்ல ஏறிட்டாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்கு ஓடிவந்து, "பொண்ணு மெதுவாப் பேசுமாம்"னு சொன்னேன். "மெதுவாப் பேசுறதா? நம்ம வீட்லயா?"ன்னு அம்மா தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துடுச்சு. எல்லாம் போச்சுன்னு நான் வைக்கப்போர்ப் பக்கம் போய் அழுதேன். சாயங்காலம் போன் வருது, அவங்களுக்குச் சம்மதமாம். என் எறும்பாலதான் நடந்துச்சுன்னு ரொம்ப வருசம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அந்தப் பொண்ணு அத்தையா எங்க வீட்டுக்கு வந்து, எனக்கு மீசை மொளைச்ச பிறகுதான் ஒரு நாள் சொல்லுச்சு. மோர் டம்ளர வாங்க மாமா குனிஞ்சப்பவே அது குழாயப் பாத்துடுச்சாம். அதான் நேரா நின்னு, மொகத்தப் பாத்து, நிதானமாக் கேட்டுச்சாம். நாங்க மிஷின் கேட்டுச்சுன்னு நெனச்சோம். பாதிதான் மிஷின். "மறைக்கிறாரா, சொல்றாரான்னு மட்டும் பாத்துட்டு வாங்கப்பா"ன்னு சொல்லித்தான் விஜயதசமிக்கு அப்பாவ அனுப்பியிருக்கு. அந்த வீட்டுக்குள்ள அன்னைக்கு எது நல்லா நடந்துச்சு, எது கெட்டுப் போச்சுன்னு, நான் மொத்தமாத் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு அழுதிருக்கேன்.

கல்யாணத்துல நடந்தது இதவிட மோசம். மாலைய மாத்தறப்ப, ரோஜா மாலை காதுல அழுந்தி, மிஷின் வெளிய விட்ட சத்தத்த அதே திரும்ப வாங்கி கீன்னு விசிலடிக்க ஆரம்பிச்சுது. நாயனக்காரரு தான் வாயில வச்சு ஊதுற சீவாளியிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சு வாசிக்கிறத நிறுத்திட்டு அதக் கழட்டி, பக்கத்துல இருந்த தவில்காரர்கிட்ட...

இருங்க. அத்தை வந்து என் முன்னாடி நிக்குது. எங்க வீட்ல இப்ப யாரும் ரூமுலேருந்து ரூமுக்குக் கத்தறது இல்ல, கூப்பிடணும்னா எந்திரிச்சு வந்து எதுருல நிக்கணும், அது அத்தை போட்ட சட்டம். இன்னும் வாயத் தொறக்கல. இடுப்புல கைய வச்சிருக்கு. போறேன்.