இடது பக்க இருக்கை

எங்கள் பெரியப்பாவின் காரில் இரண்டே பேர்தான் உட்காரலாம். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு குடை வைக்கக்கூட இடம் கிடையாது. இவ்வளவு நீளமான வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடமென்றால் மீதி இடமெல்லாம் எதற்கு என்று என் அப்பா கேட்பார். எஞ்சினுக்கு என்பார் பெரியப்பா. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி இருவருக்கும் அந்தக் காரைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும், மாடியில் நாங்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் நான் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வளர்ந்தேன். மாடியில் திட்டு வாங்கினால் கீழே வந்து சாப்பிடுவேன். கீழே திட்டு விழுந்ததாக எனக்கு நினைவே இல்லை.

பெரியப்பா திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அந்தக் காரை நான் பிறப்பதற்கு முன்பே, படப்பைப் பக்கம் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் கண்டெடுத்தாராம். இங்கிலாந்தில் செய்து, ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து துரை ஓட்டி, கை மாறிக் கை மாறிக் கடைசியில் அதன் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது, காசு கொடுத்தா இதை வாங்கினீர்கள் என்று தெருவே கேட்டதாம். ஏழு வருடம் அதோடு மல்லுக்கட்டினார். கிடைக்காத பாகங்களை வேலை முடிந்தபின் தானே லேத்தில் கடைந்து எடுத்துவந்தார். எனக்கு விவரம் தெரிந்தபோது அது அடர்பச்சையில், தரையோடு தரையாக, கூரை இல்லாமல், வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டில் பளபளவென்று நின்றது. மழை வந்தால் இழுத்து மாட்ட ஒரு கித்தான் உண்டு. மழை வரும் என்று தோன்றினாலே பெரியப்பா அதை வெளியே எடுக்க மாட்டார் என்பதால் அந்தக் கித்தான் கடைசிவரை புதிதாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குரோம்பேட்டையிலிருந்து ஒரு பல் டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் வருவார்கள். அவர்களிடமும் இதுபோலப் பழைய கார்கள் இருந்தன. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐசியூவில் படுத்திருப்பவரைப் பார்க்க வந்தவர்களைப் போல மெல்லிய குரலில் பேசிக்கொள்வார்கள். பெரியம்மா டீ கொண்டுவந்து கொடுப்பார். டம்ளரை கார் மேல் வைத்துவிடாதே என்று பெரியப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். "தெரியும். உங்க சின்ன வீட்டுக்குச் சூடு தாங்காது" என்பார் பெரியம்மா. எல்லாரும் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியாது, ஆனாலும் நானும் சிரிப்பேன்.

பெரியம்மா அந்தக் காரில் ஏறியதே இல்லை. முதன்முதலாக அது ஓடிய நாளில் பெரியப்பா வாசலில் நிறுத்தி அவரைக் கூப்பிட்டாராம். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. இதில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு போனால் ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அதன்பின் பெரியப்பா கூப்பிடவில்லை. இது என் அம்மா எனக்குச் சொன்னது.

வருடத்துக்கு ஒரு முறை, பழைய கார் வைத்திருப்பவர்களெல்லாம் ஒரு மைதானத்தில் கூடி, அங்கிருந்து வரிசையாக மகாபலிபுரம் வரை போவார்கள். ராலி என்று பெயர்தானே தவிர யாரும் யாரையும் முந்த மாட்டார்கள். முந்தினால் வண்டி சூடாகி நின்றுவிடும். மற்றவர்கள் மனைவியோடு வருவார்கள். அந்தக் காலத்துச் சேலை, அந்தக் காலத்துக் கொண்டை என்று அலங்காரமெல்லாம் நடக்கும். எங்கள் பெரியப்பாவின் இடது பக்கத்தில் மட்டும் ஸ்பேனர் பெட்டி உட்கார்ந்து போகும். பத்து வயது முடியட்டும், உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். பத்து முடிந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்துவிட்டேன்.

அந்த வருடம் ராலி வந்த ஞாயிறு, பெரியப்பா பெரியம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாள். ஒரு சாயங்காலம் நான் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இந்தத் தடவை நீ வரியா?" என்று கேட்டார். பெரியம்மா தலை நிமிரவில்லை. காயை நறுக்கிக்கொண்டே, "எத்தனை மணிக்கு?" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அடுத்த வருடம் என்று ஆகிவிட்டது.

அந்த இரண்டு வாரமும் பெரியம்மா வேறு ஆளாக இருந்தார். அரக்குப் பட்டுக்குப் புதிதாக ரவிக்கை தைக்கக் கொடுத்தார். தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் சப்வேயில் என்னை அழைத்துக்கொண்டு போய், கறுப்புக் கண்ணாடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது என்று என்னிடமே கேட்டு வாங்கினார். பெரியப்பா வேலைக்குப் போனபின், ஷெட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தச் சீட்டில் இறங்கி உட்கார்ந்து எழுந்து பழகினார். அவருக்கு முட்டி வலி. முதல் நாள் பாதியிலேயே சிரித்துவிட்டு எழுந்துவிட்டார். நான்காவது நாள் என் தோள் தேவைப்படவில்லை. "அவர்கிட்ட சொல்லிடாத" என்றார். நான் சொல்லவில்லை. அவர் உட்காரும்போதெல்லாம், அது என் இடம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு என் அப்பா அம்மா விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எனக்கு மறுநாள் பரீட்சை என்பதால் விட்டுவிட்டுப் போனார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் திரும்பும்வரை பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. காலை ஆறு மணிக்குப் பெரியப்பா காரைக் கிளப்பி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். குளிரில் ஒருமுறை கிளப்பிவிட்டால் அதை அணைக்க முடியாது. அணைத்தால் மறுபடி உயிர் வர அரை மணி நேரமாகும். ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. ஸ்பேனர் பெட்டியை அன்று வீட்டிலேயே விட்டிருந்தார்.

உள்ளே பெரியம்மாவின் ரவிக்கைக் கொக்கி ஒன்று பிய்ந்துவிட்டது. ஊக்குத் தேடிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "அஞ்சே நிமிஷம்னு சொல்லு. வண்டியை ஆஃப் பண்ணிட வேணாம், இதோ வந்துட்டேன்னு சொல்லு" என்றார். தலை நிறைய மல்லிகை வைத்திருந்தார். கறுப்புக் கண்ணாடி கட்டில்மேல் இருந்தது.

நான் வாசலுக்கு வந்தேன். வரும்போது பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை யார் நம்பாவிட்டாலும் எனக்கு இது உண்மை. வண்டிக்கு அருகே போனதும் அந்தக் காலியான சீட்டைப் பார்த்தேன்.

"என்ன சொல்றா உன் பெரியம்மா?" என்றார்.

"வரலையாம். உங்களைப் போய்ட்டு வரச் சொன்னாங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அழுதிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு எட்டி இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார். "சரி, நீயாவது ஏறு" என்றார். நான் ஏறினேன். தெருமுனை திரும்பும்வரை பின்னால் பார்க்கவில்லை.

அந்தப் பயணம் நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பஸ் சக்கரம் என் தலைக்கு நேராகச் சுழன்றது. மேடவாக்கம் சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கீழே குனிந்து பார்த்து, "இன்னா சார் வண்டி இது, தவள மாரி கீது? லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?" என்று கேட்டார். வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பெரியப்பா சந்தோஷமாக நின்று பதில் சொல்வார். அன்று லேசாகத் தலையாட்டியதோடு சரி. வழியில் இரண்டு முறை சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தார். வீட்டில் லேண்ட்லைன் இருந்தது. இவர் கூப்பிட்டிருக்கலாம், பெரியம்மாவும் கூப்பிட்டிருக்கலாம். செல்போன் அடித்துவிடுமோ என்று மகாபலிபுரம் வரை அந்தச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு போனேன். அடிக்கவில்லை.

வரிசை கிளம்புவதற்கு முன், மைதானத்துக்குப் பல் டாக்டரின் மனைவி ஒரு கேக் கொண்டுவந்திருந்தார். பெரியப்பா எல்லாரிடமும் முன்பே சொல்லிவைத்திருக்கிறார் போலிருக்கிறது. மேடம் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவளுக்குக் காலையிலிருந்து ஒரே தலைவலி என்றார் பெரியப்பா. கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். பெரியவர்களும் பொய் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு அன்று பெரிய ஆறுதல். கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

வீடு திரும்பியபோது பகல் இரண்டு மணி. பெரியம்மா நைந்த வாயில் சேலையில் இருந்தார். தலையில் பூ இல்லை. தட்டு எடுத்து வைத்து எங்களுக்குச் சோறு போட்டார். சாம்பார் ஊற்றினார். இப்போது கேட்கப்போகிறார், இப்போது கேட்கப்போகிறார் என்று நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா மோர் கேட்டார். பெரியம்மா ஊற்றினார். பெரியப்பா கை கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் பிடிக்க வந்தபோது என்னிடம் சொன்னாள், காலையில் பெரியம்மா பட்டுச் சேலையோடு கேட்டுக்கு வெளியே வந்து, அவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டாராம். டீசல் போட்டுக்கொண்டு வந்துவிடுவார் என்று அக்காவே சமாதானம் சொன்னாளாம். பெட்ரோல் வண்டி என்று பெரியம்மா திருத்தினாராம். அரை மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாராம்.

இருட்டுவதற்கு முன் பெரியம்மா என்னை உட்காரவைத்துத் தலை பின்னினார். காற்றில் முடி சிக்குப்பிடித்துக் கிடந்தது. வலிக்காமல் நுனியிலிருந்து பிரித்தார்.

"காத்து நல்லா அடிச்சுதா?"

"ம்."

அடுத்த சிக்கைப் பிரித்துக்கொண்டே, "நான் சொன்னதை அவர்கிட்ட சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்."

சீப்பு ஒருகணம் நின்றது. பிறகு, "நேரம் ஆயிடுச்சு போல இருக்கு அவருக்கு" என்றார். யாருக்கோ பதில் சொல்வதுபோலச் சொன்னார். பின்னி முடித்து ரிப்பன் கட்டிவிட்டார்.

மூன்று நாள் பயந்துகொண்டே இருந்தேன். இருவரில் ஒருவர் வாய் திறந்தால் போதும், நான் மாட்டிக்கொள்வேன். மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் படியில் நின்று காது கொடுத்துக் கேட்பேன். பால் வந்ததா, கேஸ் புக் பண்ணியாச்சா என்றுதான் பேச்சு. நான்காவது நாள் தப்பித்துவிட்டேன் என்று தெரிந்து தெருவில் விளையாடப் போனேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை டீயை பெரியம்மா என்னிடம்தான் கொடுத்து அனுப்பினார். சின்ன வீடு என்ற வேடிக்கையும் நின்றுபோனது. அடுத்த வருடம் ராலிக்கு பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். ஸ்பேனர் பெட்டி போனது. அதற்கடுத்த வருடம் அவரே போகவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் லாரி வந்தது. அது ஏறும்போது பெரியம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். விற்கட்டுமா என்று பெரியப்பா கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று பெரியம்மா சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் சண்டை போட்டும் நான் பார்த்ததில்லை. நல்ல ஜோடி என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

பெரியப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ முறை அதற்காகவே போய், வேறு ஏதோ பேசிவிட்டு வந்திருக்கிறேன். போன பொங்கலுக்குத்தான் பெரியம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்றே சொல்லலாம். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். சின்னப் பிள்ளைதானே நீ என்று சொல்லவில்லை.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "நான் வரலைன்னு சொன்னப்போ, அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். அன்றைய காலைக் குளிர் நினைவிருக்கிறது. எஞ்சின் சத்தம், சீட்டின் தோல் மணம், கதவின் வெள்ளிக் கைப்பிடி எல்லாம் நினைவிருக்கிறது. அவர் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. அந்த முகத்தை ஒருநாள் ஒருவர் என்னிடம் கேட்பார், அவருக்குச் சொல்ல அங்கே வேறு யாருமே இருந்திருக்கவில்லை என்பதெல்லாம் பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.